ஆலையில் எத்தனை பேர்? கணக்குக் கேட்ட விசுவேசுவரய்யா

ஒரு பிரதேசம் வளர்கிறதா, தேய்கிறதா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

புதிய கட்டிடங்களைக் காட்டிச் சிலர் சொல்வார்கள். கடைவீதிக் கூட்டத்தைக் காட்டிச் சிலர் சொல்வார்கள். அரசாங்கக் கஜானாவில் உள்ள பணத்தைக் காட்டிச் சொல்பவர்களும் உண்டு.

மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த ஸர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவுக்கு இவை போதவில்லை. நூறு பேரில் எத்தனை பேர் நிலத்தை நம்பிப் பிழைக்கிறார்கள்? எத்தனை பேர் தொழிலை நம்பிப் பிழைக்கிறார்கள்? இந்தக் கணக்கைத்தான் அவர் பெரிதாக மதித்தார்.

கிருஷ்ணராஜசாகர் அணை என்றால் எல்லோருக்கும் அவர் நினைவு வரும். ஆனால், கணக்கு எடுங்கள் என்று அவர் பல ஆண்டுகள் வற்புறுத்தியது பலருக்குத் தெரியாது.

ஏழைக் குடும்பம்

விசுவேசுவரய்யா 1860-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி முத்தேனஹள்ளி கிராமத்தில் பிறந்தார். சிக்பள்ளாப்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. தந்தை சீனிவாச சாஸ்திரி, தாயார் வெங்கடலட்சுமம்மா. படிப்பு உண்டு, பணம் இல்லை.

சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் இருந்த தாய்மாமன் ஆதரவு கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் கல்லூரியில் படித்தார். 1881-ல் சென்டிரல் கல்லூரியில் பி.ஏ. தேறினார். பிறகு பூனா சென்று என்ஜினீயரிங் படித்தார்.

1884-ல் பம்பாய் மாகாண பொதுப்பணித் துறையில் உதவி என்ஜினீயர் வேலை கிடைத்தது. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வெளி மாகாணம் போனவர்களில் அவரும் ஒருவர். சுமார் 25 ஆண்டுகள் அங்கேதான் உழைத்தார்.

தண்ணீரை அளந்தார்

சிந்து நதிக் கரையில் உள்ள சுக்கூர் நகரத்துக்குக் குடிநீர் கொண்டு வந்தார். தக்காணத்தில் கால்வாய்த் தண்ணீர் வீணாகாமல் இருக்க, நிலங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்துப் பாய்ச்சும் திட்டத்தை 1899-ல் வகுத்தார். பூனாவுக்கு அருகில் உள்ள கடக்வாஸ்லா ஏரியில் 1903-ல் தானாகத் திறந்து மூடும் மதகுகளைப் பொருத்தினார். அணையின் உயரத்தைக் கூட்டாமலே கூடுதல் தண்ணீரைத் தேக்க அது உதவியது.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். முதலில் அளவு. பிறகு திட்டம். அளக்காமல் அவர் எதிலும் கை வைத்ததில்லை.

நாட்டின் வறுமையையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

ஜப்பான் பயணம்

1898-ல் அவர் ஜப்பானுக்குப் போனார். ஜப்பானும் கைத்தொழிலும் நெல் வயலும் நிறைந்த நாடாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்குள் பள்ளிக்கூடங்களையும் ஆலைகளையும் அடுத்தடுத்துக் கட்டி எழுந்து நின்றது. அந்தக் காட்சி அவர் மனதில் பதிந்துவிட்டது.

இந்தியாவில் மக்களில் பெரும்பாலோர் விவசாயத்தையே நம்பி இருந்தனர். ஒருவர் உழக்கூடிய நிலத்தில் மூவர் நின்றால், மூவருக்கும் அரை வயிற்றுக் கஞ்சிதான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. நிலத்தில் நெருக்கும் கூட்டத்தில் ஒரு பகுதியை ஆலைக்கும் தொழிலுக்கும் கொண்டு வந்தால், வந்தவனும் பிழைப்பான், நிலத்தில் மிஞ்சியவனும் பிழைப்பான். இதுவே அவர் முடிவு. கடைசி வரை அதை அவர் மாற்றிக் கொள்ளவில்லை.

மைசூர் அழைத்தது

1908-ல் பம்பாய் அரசாங்க வேலையை விட்டார். அதே ஆண்டு ஐதராபாத்தில் மூசி நதி பெருக்கெடுத்துப் பேரழிவு உண்டாயிற்று. நகரைக் காக்கும் திட்டம் போட்டுக் கொடுத்தார். 1909-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமை என்ஜினீயர் ஆனார்.

காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜசாகர் அணை வேலை 1911-ல் தொடங்கியது. பாசனத்தோடு மின்சாரத்துக்கும் அந்த அணை தேவைப்பட்டது. சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902 முதல் கோலார் தங்கவயலுக்குப் போய்க் கொண்டிருந்தது. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். அணையில் தண்ணீர் தேங்கினால் ஆண்டு முழுவதும் மின்சாரம் கிடைக்கும்.

தங்கவயலில் வேலை செய்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். வடஆற்காடு முதலிய மாவட்டங்களில் இருந்து குடும்பம் குடும்பமாகப் போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அணைத் தண்ணீருக்கும் அவர்கள் வீட்டு அடுப்புக்கும் இப்படி ஒரு தொடர்பு இருந்தது.

1911-ல் மைசூர் பொருளாதார மாநாடு என்ற அமைப்பு ஏற்பட்டது. கல்வி, விவசாயம், தொழில்-வியாபாரம் என்று மூன்று கமிட்டிகள். மாவட்டங்களிலும் கமிட்டிகள் அமைந்தன. எந்த ஊரில் என்ன விளைகிறது, என்ன தொழில் நடக்கிறது, எது நசிந்து வருகிறது என்று விசாரித்துச் சொல்லும் வேலை அவற்றுக்குக் கிடைத்தது. இதற்குத் தூண்டுகோல் விசுவேசுவரய்யா.

ஆறு ஆண்டு திவான்

1912-ல் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரைத் திவான் ஆக்கினார். அப்போது சமஸ்தானத்தின் ஜனத்தொகை சுமார் 58 லட்சம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான்.

1913-ல் மைசூர் பாங்கி தொடங்கியது. 1916-ல் மைசூர் சர்வகலாசாலை வந்தது. அதே ஆண்டு வர்த்தக சபையும் வந்தது. 1917-ல் பெங்களூரில் என்ஜினீயரிங் கல்லூரி ஏற்பட்டது.

முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனிக்குப் போய்க் கொண்டிருந்த சந்தனக் கட்டை ஏற்றுமதி நின்றது. கட்டை தேங்கியது. கட்டையை விற்பானேன், எண்ணெயாகவே இறக்கி விற்றால் என்ன என்ற யோசனை எழுந்தது. 1916-ல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை வந்தது. பிறகு மைசூரிலும் ஒன்று வந்தது. சந்தன சோப்பு பிறந்தது இப்படித்தான். காட்டில் வெட்டிக் கப்பல் ஏற்றிய பொருளை உள்ளூரிலேயே பக்குவம் செய்தபோது, அந்த வேலையும் கூலியும் உள்ளூரிலேயே தங்கின.

1915-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது.

ஏன் விலகினார்?

1918-ல் அவர் திவான் பதவியை விட்டு விலகினார்.

சமஸ்தானத்து உத்தியோகங்களில் பிராமணர்களே மிகுந்திருந்தார்கள். மற்ற வகுப்பினர் பங்கு கேட்டார்கள். அதை விசாரிக்க நீதிபதி மில்லர் தலைமையில் கமிட்டி அமைந்தது. இட ஒதுக்கீட்டை விசுவேசுவரய்யா ஏற்கவில்லை. தகுதி ஒன்றே போதும் என்பது அவர் கட்சி. மகாராஜா மற்றவர்கள் கோரிக்கையின் பக்கம் நின்றார்.

அவர் வாழ்க்கையில் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மொத்தம் எத்தனை பேருக்கு வேலை என்பது ஒரு கேள்வி. அந்த வேலை யார் யாருக்குக் கிடைத்தது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியை அவர் அளவுக்கு யாரும் கேட்டதில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் வேறு மனிதர்கள். ஒரு பிரதேசத்தின் கணக்குக்கு இரண்டும் தேவை.

பத்ராவதி சோதனை

அவர் காலத்தில் போட்ட திட்டங்களில் பெரியது பத்ராவதி இரும்பு ஆலை. சுற்றியுள்ள காட்டு மரத்தைக் கரியாக்கி, அந்தக் கரியால் இரும்பை உருக்கும் திட்டம். 1923-ல் உற்பத்தி தொடங்கியது.

ஆனால் வேளை சரியில்லை. போர் முடிந்து இரும்பு விலை விழுந்துவிட்டது. ஆலை நஷ்டத்தில் ஓடியது. இந்தச் சுமை சமஸ்தானத்துக்கு எதற்கு என்ற குரல் எழுந்தது.

விசுவேசுவரய்யா ஆலையின் நிர்வாகக் குழுத் தலைவராகப் பொறுப்பு ஏற்றார். 1929 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். செலவைக் குறைத்தார். வெளிநாட்டு நிபுணர்கள் இருந்த இடங்களில் உள்நாட்டவரைப் பழக்கி உட்கார வைத்தார். ஆலை நிமிர்ந்தது.

வேலை தேடிப் பல திக்கில் இருந்தும் ஆட்கள் பத்ராவதி வந்தார்கள். தமிழர்களும் போனார்கள். பின்னாளில் அந்த ஆலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

தமக்குச் சேர வேண்டிய ஊதியத்தை அவர் எடுத்துக் கொள்ளவில்லை. பெங்களூரில் தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்று அமைக்க அதைக் கொடுத்துவிட்டார். 1943-ல் ஏற்பட்ட ஜெயசாமராஜேந்திரர் பெயர் கொண்ட பயிற்சி நிலையம் அது.

1925-ம் ஆண்டு கமிட்டி

இந்தியாவின் பொருளாதார நிலை பற்றி என்னென்ன புள்ளிவிவரம் இருக்கிறது, என்னென்ன இல்லை என்று ஆராய இந்திய அரசாங்கம் ஒரு கமிட்டி அமைத்தது. அதன் தலைவர் விசுவேசுவரய்யா. 1925-ல் கமிட்டி அறிக்கை கொடுத்தது.

விளைச்சல், காடு, மீன்பிடிப்பு, சுரங்கம், பெரிய ஆலை, குடிசைத் தொழில் ஆகிய எல்லாவற்றின் உற்பத்தியையும் கணக்கெடுக்க வேண்டும். வருமானம், கூலி, விலைவாசி, கடன் இவற்றையும் விசாரிக்க வேண்டும். இந்த வேலைக்கு மத்தியிலும் மாகாணங்களிலும் தனி அலுவலகம் வேண்டும். கேட்ட விவரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமும் வேண்டும். கமிட்டியின் யோசனைகள் இந்த வழியில் போயின. உறுப்பினர் ஒருவர் சில விஷயங்களில் மாறுபட்டார்.

அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. அதில் பெரும்பகுதி அப்போது நிறைவேறவில்லை.

அதற்கு முன் கணக்கே இல்லையா? இருந்தது. ஆனால் அது ஆலைச் சட்டத்தின் பக்கவிளைவு. ஆலை இன்ஸ்பெக்டர் பாதுகாப்பையும் வேலை நேரத்தையும் பார்க்கப் போவார். அதோடு ஆள் கணக்கும் வரும். நாடு எப்படி இருக்கிறது என்று அறிய எடுத்த கணக்கு அல்ல அது.

டைம் ஆபீஸ் குமாஸ்தா

ஆலை ஆள் கணக்கு எங்கே பிறக்கிறது? டைம் ஆபீசில் பிறக்கிறது.

மஸ்டர் ரோலில் தினமும் வருகை பதிவாகிறது. ஆண்டு முடிவில் குமாஸ்தா அதைக் கூட்டுகிறார். ஓர் ஆலை ஆண்டில் 300 நாள் ஓடியது என்று வைத்துக் கொள்வோம். எல்லா நாள் வருகையையும் கூட்டினால் 1,50,000 வருகிறது. 300-ஆல் வகுத்தால் 500. அந்த ஆலையின் சராசரி ஆள் கணக்கு 500.

இப்படி ஆலை ஆலையாகச் சேர்ந்தால் மாவட்டக் கணக்கு. மாவட்டம் மாவட்டமாகச் சேர்ந்தால் மாநிலக் கணக்கு. ஒரு மாநிலத்தில் நான்கைந்து ஆண்டுகள் இந்த எண் ஏறினால், அங்கே சம்பளப் பணம் புரள்கிறது என்று பொருள். மளிகைக் கடை, வீட்டு வாடகை, பஸ் டிக்கெட், ஊருக்குப் போகும் மணியார்டர் வரை அது ஓடும். எண் இறங்கினால் இவை எல்லாம் இறங்கும்.

ஆனால் அந்த எண் சற்றுத் தாமதமாகவே பேசும். ஆர்டர் குறைந்தால் ஆலை முதலில் ஓவர்டைமை நிறுத்தும். அடுத்து, பதிலி ஆட்களைத் திருப்பி அனுப்பும். நிரந்தர ஆட்கள் மேல் கை வைப்பது கடைசியில்தான். ஓவர்டைம் நின்றபோதே தொழிலாளி வீட்டுக்குத் தெரிந்துவிடும். அரசாங்க அட்டவணைக்குத் தெரிய நாளாகும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே இடத்தில் மூன்று பதிலிகள் மாறி மாறி வந்தாலும் கணக்கில் ஒரே ஆள்தான். மூன்று குடும்பம் அதை நம்பி இருப்பது கணக்கில் தெரியாது.

சட்டம் மாறினால் எண்ணும் மாறும்

1881-ல் வந்த முதல் ஆலைச் சட்டம் நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்த ஆலைகளையே கணக்கில் எடுத்தது. 1891-ல் அது 50 ஆயிற்று. 1922-ல் இயந்திர சக்தி உள்ள ஆலைகளுக்கு 20 ஆயிற்று. 1948-ம் ஆண்டுச் சட்டம், இயந்திர சக்தி இருந்தால் 10, இல்லாவிட்டால் 20 என்று வைத்தது.

ஒவ்வொரு முறை வரம்பு இறங்கியபோதும் சிறிய பட்டறைகள் புதிதாகப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டறைகளில் ஆட்கள் முன்பே வேலை செய்து கொண்டுதான் இருந்தார்கள். ஒருவருக்கும் புது வேலை கிடைக்காமலே எண் கூடியது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டம் வரம்பை 20 என்றும் 40 என்றும் உயர்த்தியது. இப்படி உயர்ந்தால், ஒருவருக்கும் வேலை போகாமலே எண் குறையலாம்.

ஆகவே இரண்டு ஆண்டுக் கணக்கை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே அளவுகோலால் அளந்தவைதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே முறையில், சட்டத்தின் பலத்தோடு, விடாமல் எடுத்தால்தான் கணக்குக்கு மதிப்பு. 1925 கமிட்டி தனிச் சட்டமும் தனி அலுவலகமும் கேட்டதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

திட்டம் எழுதினார்

1934-ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் என்ற பொருளில் ஒரு புத்தகம் எழுதினார். சோவியத் நாட்டுத் திட்டங்கள் பேசப்பட்ட காலம். விசுவேசுவரய்யா தனி முதலாளிகளின் தொழிலை ஒழிக்கச் சொல்லவில்லை. பத்தாண்டுகளில் நாட்டு வருமானத்தை இரட்டிப்பாக்க வேண்டும், விவசாயத்தில் நெருங்கிக் கிடப்பவர்களில் ஒரு பகுதியைத் தொழிலுக்கு மாற்ற வேண்டும் என்றார். சுதந்திர இந்தியாவின் ஐந்தாண்டுத் திட்டங்கள் வருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பு எழுதியது இது.

பெங்களூரில் மோட்டார் கார் தொழிற்சாலை அமைக்கவும் முயன்றார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. 1941-ல் அகில இந்திய உற்பத்தியாளர் சங்கம் அமைவதற்கு முன்னின்றார்.

அவர் கேட்ட சட்டமும் மெள்ள வந்தது. 1942-ல் தொழில் புள்ளிவிவரச் சட்டம் நிறைவேறியது. 1946-ல் அகில இந்திய அளவில் முதல் உற்பத்தித் தொழில் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது அவருக்கு வயது 86. எல்லாத் தொழில்களையும் அது எடுத்துக் கொள்ளவில்லை. 63 தொழில்களில் 29 தான் அதில் சேர்ந்தன. 1959-ம் ஆண்டுக் கணக்கில் இருந்து தொழில்களின் ஆண்டு ஆய்வு தொடங்கியது. அப்போது அவருக்கு 99 வயது.

34 ஆண்டுகளுக்கு முன் கேட்டது, ஒருவாறு கைக்கு வந்தது.

1955-ல் அவருக்குப் பாரத ரத்தினம் கிடைத்தது. 1960-ல் நூற்றாண்டு விழா நடந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே தபால் தலை வெளியாயிற்று. 1962-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெங்களூரில் காலமானார். பிறந்த முத்தேனஹள்ளியிலேயே அவருக்கு நினைவிடம் அமைந்தது.

கணக்கு காட்டுவது என்ன?

2022-23-ம் ஆண்டு ஆய்வின்படி, இந்தியாவின் பதிவு பெற்ற ஆலைகளில் சுமார் 1 கோடியே 84 லட்சம் பேர் வேலை செய்தார்கள். மாநிலங்களில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் அங்கே வேலை செய்தவர்கள். முதல் ஐந்து மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. ஒரு காலத்தில் வேலை தேடித் தமிழர்கள் ரெயில் ஏறினார்கள். பின்னர் வேலை தேடி மற்றவர்கள் தமிழ்நாட்டுக்கு ரெயில் ஏறினார்கள். அந்த மாற்றத்தை இந்த அட்டவணையிலும் படிக்கலாம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ஆலைத் தொழிலாளர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் காண்டிராக்ட் ஆட்கள். மொத்த எண்ணில் அவர்களும் உண்டு. ஆனால் அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமா என்று அந்த எண் சொல்லாது.

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. சுரங்கம் ஆலைக் கணக்கில் சேராது. ஆனாலும், ஒரே தொழிலை நம்பிய ஊர் அந்தத் தொழில் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. அதன் பிறகு பிழைப்புக்காக விடியற்காலை ரெயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், இரவில் வீடு திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

பத்ராவதி ஆலையை மூடிவிடுவது என்று 2023 ஜனவரியில் செயில் நிறுவனம் முடிவு செய்தது. காண்டிராக்ட் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆலையின் ஒரு பகுதி மீண்டும் ஓடத் தொடங்கியது. நூறாண்டுக்கு முன் விசுவேசுவரய்யா காலத்தில் எழுந்த அதே கேள்வி திரும்பி வந்தது.

லாபக் கணக்கு ஆலையோடு முடிந்துவிடும். ஆள் கணக்கு ஆலை வாசலைத் தாண்டி ஊர் முழுவதையும் காட்டும். எண்ணாத தொழிலாளிக்குக் குடியிருப்பும் வராது, பள்ளிக்கூடமும் வராது, அவன் வேலை போனால் யாருக்கும் தெரியவும் தெரியாது. மஸ்டர் ரோலில் விழும் ஒவ்வொரு பெயரும் நாட்டுக் கணக்கில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த முதியவர் அத்தனை ஆண்டுகள் மன்றாடினார்.